கடினமான கருப்பொருளைப் பேசும் இளையோர் நாவலைத் தடைசெய்ய வேண்டுமா?

தற்கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றைப் பேசும் இளையோர் நாவல்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அகற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பதின்ம வயது மகளை வளர்க்கும் தாயாக இதை எழுதுகிறேன்.

தடை என்றால் என்னவென்று இந்த நாட்டுக்கு நன்றாகத் தெரியும். நம் நாட்டு எழுத்தாளர் நாடின் கோர்டிமரின் நாவல் ஒன்றை நிறவெறி அரசு 1979இல் தடைசெய்து, அதே ஆண்டில் அத்தடையை நீக்கவும் நேர்ந்தது. ஆட்சி மாறி, 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தன் 16ஆம் பிரிவில் கருத்துரிமையை உறுதிசெய்த பிறகும், 2001இல் கௌடெங் மாகாணத்தில் பள்ளி ஆசிரியர்களின் குழு ஒன்று அவருடைய இன்னொரு நாவலை இனவாதம் கொண்டதென்று கூறிப் பள்ளிப் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அந்தப் பரிந்துரை கைவிடப்பட்டது. அந்த ஆசிரியர் குழுவினர் நல்லெண்ணம் கொண்டவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஒரு நூலை மற்றவர் கண்ணில் படாமல் செய்யும் அதிகாரம் யார் கையில் இருந்தாலும் எனக்கு அச்சமே.

என் மகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுக்கும் உரிமை எனக்கு இல்லை. வகுப்பில் கட்டாயப் பாடமாக வைக்கும் நூலைப் பற்றி மட்டும் பெற்றோரைக் கலந்து பேசுவதும், மறுக்கும் மாணவருக்கு வேறு நூல் தருவதும் நியாயம். நூலக அலமாரிக்கு அந்த விதி பொருந்தாது.

நம் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவரே பிள்ளையிடம் முறைதவறி நடந்தாலும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு, தனக்கு நேர்ந்தது குற்றம், தன்மேல் தவறில்லை என்று முதன்முதலில் சொல்வது ஒரு நாவலாகவே இருக்கக்கூடும். அதையும் பறித்துவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்?

தற்கொலையைப் பற்றிய கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. இறக்கும் முறையை விவரித்து எழுத வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு அறிவுறுத்துவதற்குத் தக்க காரணம் இருக்கிறது; வகுப்புக்கு நூல் தேர்ந்தெடுப்பவர்களும் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் துயரத்தைப் பேசுவது வேறு, வழிமுறையை விளக்குவது வேறு.

நூலைப் படித்த மாணவி ஒருத்தி தனக்கும் அப்படி நடந்ததென்று ஆசிரியரிடம் சொன்னால், 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி அவர் அதை உரிய அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே நூலை அகற்றுமாறு மனு எழுதும் பெற்றோர், அந்தக் கடமை தங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியுமா, மனநல ஆலோசகர் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று முதலில் பள்ளி நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டும்.