கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது

கேள்வி: அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் என்று பயாப்சியில் தெரிந்திருக்கிறது. கீமோ உடனே தொடங்க வேண்டுமாம். நகையை அடகு வைத்து முதல் சுற்றுக்குக் கட்டிவிட்டு, பிறகு முதலமைச்சர் காப்பீட்டில் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அடகுக் கடைக்குப் போகும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள். இந்தத் திட்டத்தில் பணம் உங்கள் கைக்கு வருவதில்லை. மருத்துவமனைக்கு நேராகப் போகிறது, அதுவும் சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கியிருந்தால். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். ரேஷன் அட்டையில் அப்பா பெயர் இருக்கிறதா, ஆதாரிலும் அதே எழுத்துதானா என்று முதலில் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

மருத்துவமனையில் "திட்டத்தில் இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "புற்றுநோய்க்கு இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இதயத்துக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளும் உண்டு. பயாப்சி அறிக்கையின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள், நகல்தான்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் இதே கணக்குதான். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய பில்லுக்கு அங்கே பணம் கிடைக்காது.

கேள்வி: சிகிச்சைக்கு ரயிலில் சென்னை போய்வரச் சலுகை உண்டா?
– வாசகர், தென்காசி

பதில்: உண்டு, பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டண விலக்கு. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை, ரயில்வே படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரும். அதை முன்பதிவு கவுண்டரில் கொடுத்து டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: கணவருக்குக் கீமோ நடக்கிறது. இரவில் எனக்குத் தூக்கமே இல்லை. பத்து வயது மகனிடம் இன்னும் சொல்லவில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: மகனுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். மீதியை அவனே கற்பனை செய்துகொள்வான், அது உண்மையைவிட மோசமாக இருக்கும். நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஒட்டிக்கொள்ளாது, அவன் செய்த எதனாலும் வந்ததில்லை என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு முடி கொட்டக்கூடும் என்பதையும், கீமோ நாளில் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவார்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். "ஒண்ணுமில்லடா" மட்டும் வேண்டாம்.

உங்கள் தூக்கம் கெடுவதற்கு ஒரு காரணம், எதற்கு ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்று தெரியாததுதான். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித்தொற்று வேகமாகப் பரவும். வேறு எதற்கெல்லாம் உடனே வர வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு, மருத்துவமனை எண்ணோடு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நலம் விசாரிக்கும் போன்களை நாத்தனாரோ தம்பியோ எடுக்கட்டும். வாரம் ஒரு ராத்திரி கணவருக்குத் துணையாக வேறொருவர் படுக்க, நீங்கள் அடுத்த அறையில் தூங்குங்கள். அப்படியும் மனம் ஆறவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.