வயலில் வெயிலுக்குத் தலைசுற்றினால் என்ன செய்வது?

கிளிநொச்சியில் சிறுபோக வயலில் நின்ற அப்பாவுக்குத் தலைசுற்றிச் சத்தியும் வந்தது, காய்ச்சலா என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் களைப்புப் போலத்தான் தெரிகிறது. வியர்த்து ஊற்றும், தொட்டால் தோல் ஈரமாகக் குளிர்ந்திருக்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

மரநிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். நனைத்த சாரத்தைக் கழுத்திலும் கமக்கட்டிலும் போட்டு விசிறுங்கள். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுங்கள். பனடோல் இதற்கு உதவாது. (சாராயம் கொடுக்கச் சொல்லி ஒருவர் கட்டாயம் வருவார், விடாதீர்கள்.)

அரை மணியில் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிதான். பேச்சு உளறினாலோ மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. உடல்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை கிணற்றுத் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டே இருங்கள். வியர்க்கிறதுதானே என்று இருந்துவிடாதீர்கள். வேலை செய்பவருக்கு வியர்த்தபடியேயும் வெப்பத்தாக்கு வரும்.