கோட்டைக்குள் போன பிறகு

கேள்வி: சிரியாவில் தலைக்கு 1 கோடி டாலர் விலை வைக்கப்பட்டிருந்த கிளர்ச்சித் தலைவர் அகமது அல் ஷரா இன்று அதிபர். ஆயுதத்தோடு கோட்டைக்குள் நுழைந்தவரால் நல்ல ஆட்சி தர முடியுமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: தக்கலையில் இருந்துகொண்டு கோட்டையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒரு பக்கம் உதயகிரி, மறுபக்கம் பத்மநாபபுரம். உங்கள் கேள்விக்கு டமாஸ்கஸ் வரை போக வேண்டாம், தலக்குளம் போதும்.

1799இல் இரணியலில் காரியக்காரர், அதாவது இன்றைய தாசில்தார் மாதிரி, தலக்குளம் வேலுத்தம்பி. திருவிதாங்கூர் ராஜா பாலராம வர்மாவின் அமைச்சர் ஜெயந்தன் நம்பூதிரியும் கூட்டாளிகளும் வசதியுள்ளவர்களை அழைத்து, இவ்வளவு பணம் கட்டு என்று மிரட்டி வசூலித்தார்கள். வேலுத்தம்பி மூன்று நாள் தவணை கேட்டு ஊருக்கு வந்தார். பணம் புரட்டவில்லை, ஆள் திரட்டினார். நாஞ்சில் நாட்டு ஜனங்களோடு திருவனந்தபுரம் கோட்டை வாசலில் போய் நின்றார். ராஜா பணிந்தார், ஜெயந்தனின் பதவி போனது. சில ஆண்டுகளில் வேலுத்தம்பியே தளவாய், அதாவது ராஜாவின் முதல் மந்திரி.

இதுவரை நம் ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்ததைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும் என்பதை நான் விடப்போவதில்லை. 1804இல் செலவைக் குறைக்க நாயர் படையின் படிப்பணத்தில் கைவைத்தார் தளவாய். வீரர்கள் கொதித்தெழுந்து, அவரை நீக்கச் சொல்லித் திருவனந்தபுரத்துக்குத் திரண்டு வந்தார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் அவர் வந்த மாதிரியேதான். தளவாய் கொச்சிக்குப் போய், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயிடம் உதவி கேட்டார். கம்பெனிப் படையின் துணையோடு கலகம் அடக்கப்பட்டது. மறு ஆண்டே புது ஒப்பந்தம், ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பாக்கியில்தான் மெக்காலேயோடு பகை முற்றியது.

அவருடைய வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து வெள்ளைக்காரனுக்கு எதிராக மக்களை அழைத்தவர். கடைசியில் மண்ணடியில், எதிரி கையில் சிக்காமல் உயிரை விட்டவர். ஆனால் தான் வந்த வழியில் இன்னொரு கூட்டம் வந்தபோது, அதன் குறையைத் தீர்க்காமல் அந்நியப் படையை நாடினாரே, அது என்னை இன்றும் வருத்துகிறது.

சரி, அல் ஷரா. 2024 டிசம்பர் 8இல் தலைநகர் டமாஸ்கஸ் கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. அடுத்த மாதமே அவர் இடைக்கால அதிபர். 2025 மார்ச்சில் கடற்கரை மாவட்டங்களில் அலவி என்ற சிறுபான்மைச் சமயப் பிரிவு மக்கள் 1,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் அரசுப் பக்கத்து ஆயுதக் குழுக்களும் இருந்தன. புது மக்கள் மன்றத்தின் 210 இடங்களில் 70 பேரை அதிபரே நியமிக்கலாம் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். எப்படி உள்ளே போனார் என்பதை விட எனக்கு இவைதான் பெரிய கவலை. அந்த அலவிக் குடும்பங்கள் நியாயம் கேட்டு வாசலில் வந்து நின்றால் கதவு திறக்குமா? அதைப் பார்த்துவிட்டுத்தான் நல்ல ஆட்சி என்ற சொல்லை நான் எடுப்பேன்.

1804இல் நம் தளவாய்க்குத் துணை வந்த அதே கம்பெனியின் படை, 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு அவரைத் தேடி வந்தது. நீங்கள் தினம் பார்க்கிற உதயகிரியும் பத்மநாபபுரமும் அப்போதுதான் அவர்கள் கைக்குப் போயின.