கேள்வி பதில்: உடைந்த கோப்பை

கேள்வி: சின்ன விஷயத்துக்கும் வீட்டில் எரிந்து விழுகிறேன். கத்தி முடித்ததும் வெட்கமாகிவிடுகிறது. பழைய ரோமில் இதற்கு யோசனை சொன்னவர்கள் உண்டாமே?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: உண்டு. ரோமானியத் தத்துவஞானி செனிகாவிடம் அவருடைய அண்ணனே இதைத்தான் கேட்டார், பதிலாக மூன்று பாகத்தில் ஒரு நூல் வந்தது. ஆறப்போடு என்பதுதான் அவர் தரும் பெரிய மருந்து. மன்னித்துவிடு என்றுகூட எடுத்தவுடன் சொல்லவில்லை, முதல் வேகம் தணியட்டும், அப்புறம் யோசி, அவ்வளவுதான். கோபத்தில் கண்ணாடி பார்த்தால் நல்லது என்று இன்னொருவர் சொன்னதையும் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் மாறவேண்டும் என்று கண்ணாடி வரை போனவன் ஏற்கெனவே மாறிவிட்டான் என்று அவரே ஒரு கொட்டும் வைக்கிறார்.

அந்த நூலில் எனக்கு மறக்காத கதை வேடியஸ் பொல்லியோ என்ற பணக்காரர் வீட்டு விருந்து. பேரரசர் அகஸ்டஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அடிமைப் பையன் ஒருவன் படிகக் கோப்பை ஒன்றை உடைத்துவிட்டான், உடனே அவனைக் குளத்தில் வளர்க்கும் விலாங்கு போன்ற பெரிய மீன்களுக்குப் போடச் சொல்கிறார் பொல்லியோ. பையன் அகஸ்டஸ் காலில் விழுந்து கேட்டது உயிரை அல்ல, வேறு விதமாகச் சாகவிடுங்கள் என்று மட்டும். அகஸ்டஸ் அவனை விடுவித்து, மிச்சமிருந்த கோப்பைகளையும் தன் கண் முன்னால் உடைக்கச் சொல்லி, குளத்தையும் மூடவைத்தார். இத்தனைக்கும் பொல்லியோவே, அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சம்! ஒன்று கவனியுங்கள், அங்கே பேரரசர் இருந்ததால் பையன் பிழைத்தான். உங்கள் வீட்டில் உங்களுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

கேள்வி: செனிகா பெரும் பணக்காரராமே, பேரரசர் நீரோவுக்கு வாத்தியார் வேறு. அவர் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?
- வாசகி ஒருவர், மதுரை

பதில்: இதை ரோமிலேயே கேட்டுவிட்டார்கள். நாலே வருடத்தில் 30 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமக் காசு சேர்த்தது எந்தத் தத்துவத்தால் என்று கி.பி. 58இல் சுயில்லியஸ் என்பவர் கிழித்தார் (அப்போது ஒரு போர்வீரனின் வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்). நான் ஞானி இல்லை, குற்றங்களைத் திட்டும்போது முதலில் என்னுடையதைத்தான் திட்டுகிறேன் என்பது செனிகாவின் எழுத்தில் இருக்கும் பதில். சரி, பணத்தை விடுங்கள். நீரோ தன் தாயைக் கொன்ற பிறகு செனட்டுக்குப் போன சமாதானக் கடிதத்தை எழுதிக்கொடுத்தவர் இவர்தான் என்று பேச்சு, என்னால் ஜீரணிக்க முடியாதது அதுதான். கி.பி. 65இல் அதே நீரோ இவரையும் சாகச் சொன்னான்.

இருந்தும் படிக்கிறேன். தினமும் இரவு விளக்கை எடுத்துப் போனதும், அன்று பேசியது செய்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தனக்குள் விசாரிப்பாராம், பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திவிடுவாராம். இருட்டில் அந்தம்மா என்ன கணக்குப் பார்த்தார் என்று அவர் எழுதவில்லை.