பந்தல் நிறையப் பூ, பறிக்கக் காய் இல்லை

கேள்வி: சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூரில், கொல்லையோடு கூடிய வீட்டில் வசிக்கிறோம். மாசித் தொடக்கத்தில் சுரை, பீர்க்கு, பூசணி விதைகளை ஊன்றினோம். இப்போது பங்குனி பாதி கடந்த நிலையில் பந்தல் கொள்ளாமல் பூத்திருக்கிறது. ஆனால் பூக்கள் அப்படியே கொட்டுகின்றன. தப்பித் தவறி வரும் பிஞ்சும் மஞ்சளித்து விழுந்துவிடுகிறது. கடைக்காரர் பூ பிடிக்க ஊக்கி மருந்து தெளிக்கச் சொல்கிறார். தெளிக்கலாமா? கோழிகளைப் பந்தலடியில் மேய விடலாமா?

பதில்: மருந்தை வாங்கும் முன் உதிர்ந்து கிடக்கும் பூக்களில் ஒரு கைப்பிடியை அள்ளிப் பாருங்கள். பூவின் அடியில் மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் அது ஆண் பூ. காம்புக்கும் இதழுக்கும் இடையில் விரல்நுனி அளவுக்குக் குட்டிச் சுரைக்காயோ பூசணியோ ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. இந்தக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூக்களே முதலில் வரும். ஒரு பெண் பூவுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஆண் பூக்கள் வருவது சாதாரணம் என்பதோடு, பகல் நீண்டு வெயில் ஏற ஏற அந்த விகிதம் இன்னும் கூடும். ஆண் பூ மலர்ந்த மறுநாள் உதிர்வது அதன் இயல்பு; அதை எந்த மருந்தாலும் காயாக்க முடியாது. மார்கழியில் வாசல் கோலத்தில் வைக்கும் பூசணிப் பூவை ஆண் பூவாகப் பார்த்துப் பறிக்கும் வீடுகளில் கொடிக்கு எந்த இழப்பும் நேராததற்கும் இதுவே காரணம்.

பிஞ்சு விழுவதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. விழுந்த பிஞ்சைக் கத்தியால் நெடுக்கே பிளந்து பாருங்கள். தோலில் துளையில்லாமல், உள்ளே புழுவில்லாமல், நுனியிலிருந்து மஞ்சளித்துச் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று கொள்ளலாம். ஊசியால் குத்தியது போன்ற புள்ளியும், அதில் பிசின் கசிவும், உள்ளே வெண்ணிறப் புழுக்களும் தென்பட்டால் அது பழ ஈயின் வேலை. இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு.

மகரந்தம் சேராமைக்கு நம் பக்கத்தில் பெரிதும் கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு. பந்தலில் அருகருகே படர்ந்தாலும் இக்கொடிகள் ஒரே நேரத்தில் மலர்வதில்லை. பூசணி விடியலில் விரிந்து, காலை பத்து மணிக்குள் சுருங்கிவிடும். அதற்குத் தேனீ வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரிபவை. சுரையின் வெள்ளைப் பூவைத் தேடி வருவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. ஆகவே, காலையில் பூச்சிமருந்து அடித்தால் பூசணிக்கும், மாலையில் அடித்தால் சுரைக்கும் பீர்க்குக்கும் பிடிக்க வேண்டிய காயை நாமே தடுத்தவர்களாவோம். பந்தலை ஒட்டி இரவு முழுதும் எரியும் விளக்கு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். தேனீக்களுக்காகத் தட்டையான மண்சட்டியில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வையுங்கள்.

வீட்டுப் பந்தலுக்கு நீங்களே மகரந்தம் சேர்ப்பது எல்லாவற்றிலும் எளிது. அன்றைக்கு மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி படிந்திருக்கும் பகுதியைப் பெண் பூவின் நடுவே மூன்றாகப் பிளந்திருக்கும் சூலகமுடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவ வேண்டும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். சுரைக்குச் சுரைப் பூ, பீர்க்குக்குப் பீர்க்கம்பூ என்று இனம் மாறாமலும், பூசணிக்கு விடியலிலும் மற்ற இரண்டுக்கும் அந்தி சாயும் வேளையிலும் செய்ய வேண்டும். தடவிய பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டி வைத்தால், மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சுரையில் பெண் பூவே அரிதாக இருந்தால், தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில் பெண் பூ கூடுதலாக வரும். யூரியாவோ மட்காத சாணமோ போட்டிருந்தால் அதை நிறுத்துங்கள், ஏனெனில் தழைச்சத்து மிகுந்த கொடி இலையாகவும் ஆண் பூவாகவுமே செழிக்கும். நடுப்பகலில் இலை துவள்வதைக் கண்டு தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் துவளல் மட்டுமே. தூரைச் சுற்றிச் சருகோ தென்னை மட்டையோ மூடாக்காகப் போட்டு, காலையில் ஈரம் ஆழத்துக்கு இறங்கும்படி பாய்ச்சினால் போதும்.

பழ ஈயாக இருந்தால், விழுந்த பிஞ்சு ஒன்றையும் தரையில் விடக் கூடாது. அதிலுள்ள புழு வெளியேறி மேல்மண்ணில் புகுந்து, கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழும். எருக்குழியில் போடுவது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். இரண்டடிக் குழியில் புதையுங்கள், அல்லது நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். பொறி வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள்: மாமரத்துக்கு விற்கப்படும் மெத்தில் யூஜினால் பொறிக்குக் கொடிக்காய்களைத் தாக்கும் ஈ வராது; இதற்குக் கியூலூர் பொறி வேண்டும். அதுவும் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும் என்பதால், பருக்கத் தொடங்கிய பிஞ்சுகளுக்குச் செய்தித்தாளில் பை செய்து கட்டுவது நல்ல துணை.

கோழிகளைத் தாராளமாக விடலாம். மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களைப் பொறுக்குவதில் அவற்றுக்கு இணையில்லை. கொடி பந்தல் ஏறிய பிறகு விடுவதும், வேர் கிளறப்படாதபடி தூரைச் சுற்றி முள் வைத்துக் கட்டுவதும் மட்டும் அவசியம். பூசணியைத் தரையில் படரவிட்டிருந்தால் கோழி பிஞ்சைக் கொத்தும். அந்தப் பக்கத்தை மட்டும் வலையால் அடைத்துவிடுங்கள்.