சில குளங்களை மட்டும் ஆகாயத்தாமரை மூடிக்கொள்வது ஏன்?

எல்லாக் குளங்களுக்கும் ஒரே வெயில்தான் கிடைக்கிறது. அப்படியிருக்க உக்கடம், சிங்காநல்லூர் போன்ற கோவைக் குளங்களில் ஆகாயத்தாமரை இவ்வளவு மண்டுவது ஏன் என்பது உங்கள் கேள்வி.

ஒளிச்சேர்க்கையால் தாவரங்களும் பாசிகளும் உருவாக்கும் உயிர்ப்பொருளை முதன்மை உற்பத்தி என்கிறோம். தேவையோடு ஒப்பிடும்போது மிகக் குறைவாக உள்ள சத்தே அதற்கு எல்லை வகுக்கிறது. நன்னீரில் அது பெரும்பாலும் பாஸ்பரஸ், அதாவது நம் தோட்டக்காரர்கள் சொல்லும் மணிச்சத்து. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, காற்றிலிருந்து பிடித்து நிலைப்படுத்த நீலப்பச்சைப் பாசிகளால் முடியும். மணிச்சத்துக்கோ அப்படியொரு காற்றுவழி கிடையாது, பாறை கரைந்துதான் வர வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை 1973-இல் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒருபுறம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் புறம் மட்டுமே பாசியால் பச்சையேறியது. இத்துறையில் இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் இல்லை என்பேன்.

நம் குளங்களில் சேரும் சாக்கடைநீர், மலக்கழிவின் வழியாக மணிச்சத்தையும் தழைச்சத்தையும் ஒருசேரக் கொண்டுவருவதால் அந்த எல்லை தளர்ந்துவிடுகிறது. கழிவை நிறுத்தினாலும் பலன் உடனே தெரியாது. ஏனெனில் உயிர்வளி (ஆக்சிஜன்) அற்ற அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் அடங்கிய சேர்மம், மீண்டும் நீரில் கரைகிறது. வாரிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவித்து மட்கவிட்டால், அடுத்த மழையில் அதிலுள்ள சத்தும் குளத்துக்கே திரும்பும்.