“டாக்டர், இது பரம்பரையாக வருமா?”

அக்கா மகளைத் தம்பிக்குப் பேசியிருக்கிறோம். எங்கள் குடும்ப டாக்டர் “நம்ம ஊரில் நடக்காததா?” என்று சிரிக்கிறார். மரபணுச் சோதனை எடுக்கவா? – செவ்வாய்ப்பேட்டை வாசகி

மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் கால் பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் அது கூடும். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை. எல்லா நோயையும் ஒரே சோதனையில் பார்த்துவிட முடியாது. முதலில் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: கைக்குழந்தையாக இறந்தவர்கள், காது கேளாதவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் யாராவது உண்டா? அந்தப் பட்டியலோடு போனால் டாக்டர் சிரிக்க மாட்டார்.

அம்மாபேட்டையில் கிளினிக் வைத்திருக்கிறேன். கல்லூரியில் மரபியல் படித்ததோடு சரி. என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? – இளம் மருத்துவர்

நானும் அப்படித்தான் இருந்தேன். “அதெல்லாம் வேலூரில் பார்த்துக்கொள்வார்கள்” என்று தள்ளிவிடுவேன். ஒரு கர்ப்பிணிக்கு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தேன், ஹீமோகுளோபின் அசையவே இல்லை. அவள் ரிப்போர்ட்டிலேயே விடை இருந்தது: எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு எண்ணிக்கை 5.8. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 11. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்குக் கேரியரா, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா என்று சந்தேகப்பட வேண்டும். ஹெச்பிஎல்சி என்ற ஹீமோகுளோபின் சோதனையை எழுதியிருக்க வேண்டியது நான். எழுதவில்லை.

ஆகவே, ஆய்வகம் நடத்தக் கற்க வேண்டாம். சீட்டின் பின்பக்கம் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் போடப் பழகுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நம்ம ஊரில் அந்த இரட்டைக் கோடு அடிக்கடி விழும்! பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ஸ்லைடைக் குறைத்து, பேசிக் காட்டச் சொல்லுங்கள். ‘கேரியர்’ என்றால் மாமியார் காதில் ‘நோயாளி’ என்றுதான் விழும், மருமகளை வீட்டுக்கு அனுப்பிய கதையும் உண்டு. சோதனைக்கு முன்பே, விடை இப்படி வந்தால் என்ன செய்வோம் என்று பேசியாக வேண்டும். இதைப் பாடப்புத்தகம் சொல்லித்தரவில்லை.

எச்சில் அனுப்பி எடுத்த மரபணு ரிப்போர்ட்டில் ‘உறுதியற்ற மாற்றம்’ என்று இருக்கிறது. டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார்.

அலட்சியம் என்று நினைக்காதீர்கள். அது நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதுதான் அந்த வார்த்தையின் பொருள். அதை வைத்து ஆபரேஷன், மருந்து என்று இறங்கக் கூடாது. வீட்டில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால் மட்டும், அதைத் தனியாகச் சொல்லுங்கள். அப்பா வழி அத்தையும் கணக்கில் உண்டு.

கர்ப்பத்தில் எடுக்கும் மரபணுச் சோதனையில் ஆணா பெண்ணா என்றும் தெரியுமாமே?

சொல்வது 1994 சட்டப்படி குற்றம். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

முகாமில் ரத்தம் எடுத்து, நான் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய்) கேரியர் என்று சொன்னார்கள். காப்பித் தோட்ட வேலைக்குப் போகலாமா? – ஏற்காடு வாசகர்

தாராளமாகப் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பழங்குடி மக்கள் அதிகமுள்ள பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்கும் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. உங்களுக்கு நோய் இல்லை. வரப்போகும் மனைவியும் அரிவாள் செல் அல்லது தலசீமியா கேரியர் என்றால்தான், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தோடு அந்த ரிசல்ட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.